அசையும் சமவெளி

மதுரை கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. தூத்துக்குடி கடலோரத்தில் இருக்கிறது. காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாக இரண்டையும் இணைக்கும் நான்குவழிச் சாலையின் நீளம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் வராது. குடைவதற்கு மலை இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை, தாண்டுவதற்குப் பெரிய பள்ளத்தாக்கு இல்லை. சாலை போட இதைவிட வசதியான நிலம் கிடைக்காது என்றுதான் வரைபடம் பார்த்தவர் சொல்வார்.

வரைபடம் காட்டாத ஒன்று உண்டு. இந்தக் கரிசல் தரை ஆண்டுதோறும் ஏறி இறங்குகிறது. ஐப்பசி மழை விழுந்ததும் உப்புகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் சுருங்கி, கை நுழையும் அகலத்துக்குப் பாளம் பாளமாக வெடிக்கிறது. ஏற்ற இறக்கம் சில சென்டிமீட்டர்தான். ஆனால் நாற்பது, ஐம்பது டன் எடையோடு கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலைக்கு அந்தச் சில சென்டிமீட்டர் போதும். பாறையை ஒருமுறை வெட்டி வழி செய்துவிட்டால் அது அப்படியே நிற்கும். கரிசலோ வெட்டினாலும் நிரப்பினாலும் தன் அசைவை நிறுத்துவதில்லை. தமிழ்நாட்டில் சரக்குச் சாலைக்குக் கடினமான நிலம் எது என்று கேட்டால், மலையடிவாரங்களை விட்டுவிட்டு இந்தச் சமவெளியைத்தான் நான் சுட்டுவேன்.

சாலையின் மேல் விழும் சுமையும் சாதாரணமானதில்லை. தூத்துக்குடித் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இன்று ஆண்டுக்கு நான்கு கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாள்கிறது: நிலக்கரி, மரத்தடி, உரம், கண்டெய்னர்கள், காற்றாலை இறக்கைகள். இதில் சாலை வழியே வடக்கே மதுரைப் பக்கம் போகும் பங்கு கரிசலைத் தாண்டியே ஆக வேண்டும். எட்டயபுரம் வழியாகப் போனாலும், கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் வழியாக காஷ்மீர் – கன்னியாகுமரிச் சாலையைப் பிடித்தாலும் அடியில் இருப்பது அதே மண்தான். 1870களின் நடுவில் ரயில் வரும்வரை இந்தப் பருத்தி நாட்டின் பொதிகள் மாட்டு வண்டியில்தான் தூத்துக்குடிக் கடலுக்குப் போயின. மழைக்காலத்தில் கரிசலில் சிக்கிய சக்கரத்தை மாடுகளால் இழுக்க முடியாது; வண்டிகள் மண் காயும்வரை காத்துக் கிடந்தன.

இந்த மண் எப்படி வந்தது? கரிசல் என்றால் தக்காணத்து எரிமலைக் குழம்பு இறுகி, சிதைந்து உண்டானது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மகாராஷ்டிரத்துக் கரிசலுக்கு அது பொருந்தும். மதுரைக்குத் தெற்கே தோண்டினால் பசால்ட் வராது. நைஸ் வகைப் பழம்பாறைதான் வரும். மேட்டு நிலத்தில் அதே பாறை சிதைந்து செம்மண் ஆகிறது. அங்கே மழைநீர் வடிந்துபோகும்போது சிலிக்காவையும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட, இரும்பு பின்தங்கிச் சிவப்பு நிறம் தருகிறது. கரைந்து போனவை தாழ்வான இடத்தில் வந்து தேங்குகின்றன. ஆண்டில் முக்கால்வாசி வறண்டு கிடக்கும் பூமி என்பதால் அவற்றை அடித்துக்கொண்டு போக அங்கே நீரும் இல்லை. அந்தத் தேக்கத்தில், காரத்தன்மை கூடிய சூழலில், ஒரு புதிய களிமண் கனிமம் பிறக்கிறது. அதனால்தான் ஒரே ஊரின் மேட்டுக்காடு செவலாகவும் பள்ளக்காடு கரிசலாகவும் இருக்கின்றன.

சாலைக்கு இதில் ஒரு தனித் தொல்லை இருக்கிறது. 130 கிலோமீட்டரும் ஒரே மண்ணாக இருந்தால் ஒரே முறையில் வேலை செய்துவிடலாம். இங்கே சில நூறு மீட்டருக்கு ஒருமுறை மண் மாறும். செம்மண் அசையாது, கரிசல் அசையும். இரண்டும் சேரும் எல்லையில் சாலையின் ஒரு பாதி நிற்க, மறுபாதி ஏறி இறங்கும். வேகமாக வரும் லாரி அந்த இடத்தில் ஒரு குதி குதிக்கும். குதிக்கும்போது அதன் அச்சு, நின்ற நிலையில் தருவதைவிடக் கூடுதலான எடையைச் சாலையில் இறக்கும். அதனால் எல்லை இன்னும் பள்ளமாகும்.

இனி அந்தக் கனிமத்துக்குள் போகலாம். பெயர் மாண்ட்மோரிலோனைட். சிலிக்காத் தகடு ஒன்று, அலுமினாத் தகடு ஒன்று, மறுபடி சிலிக்காத் தகடு ஒன்று. மூன்றும் இணைந்த ஓர் அடுக்கின் தடிமன் சுமார் ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அலுமினாத் தகட்டில் அங்கங்கே அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கும். அலுமினியத்தைவிட மக்னீசியத்துக்கு நேர்மின்னேற்றம் ஒன்று குறைவு. எனவே அடுக்கு முழுதும் எதிர்மின்னேற்றம் பெறுகிறது. அதை ஈடுகட்ட சோடியம், கால்சியம் அயனிகள் அடுக்குகளுக்கு நடுவில் வந்து தங்குகின்றன. இந்த அயனிகளுக்கு நீரின்மேல் தீராத ஈர்ப்பு. ஈரம் பட்டதும் நீர் மூலக்கூறுகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைக்காரர் தண்ணீர் தெளித்த வெற்றிலைக் கவுளியில் ஒவ்வோர் இலைக்கும் நடுவே ஈரம் புகுந்து கட்டு பருப்பதைப் போல, அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே நீர் புகுந்து மண் பருக்கிறது. செம்மண்ணில் அதிகமாக இருக்கும் கயோலினைட்டில் இது நடக்காது. அதன் அடுக்குகளை ஹைட்ரஜன் பிணைப்பு இறுக்கிப் பிடித்திருப்பதால் நீர் வெளிப்புறத்தை நனைப்பதோடு சரி.

அடுக்குகள் இவ்வளவு மெல்லியவை என்பதால் அவற்றின் பரப்பு மலைக்கவைக்கிறது. தூய மாண்ட்மோரிலோனைட் ஒரு கிராமில் உள்ள அடுக்குகளை எல்லாம் பிரித்துப் பரப்பினால் சுமார் 800 சதுர மீட்டர் வரும். பத்து கிராமுக்கு 8000 சதுர மீட்டர், ஏறத்தாழ இரண்டு ஏக்கர். உள்ளங்கையில் அடங்கும் களிமண்ணுக்குள் இரண்டு ஏக்கர் நீர் பிடிக்கும் பரப்பு! சம்சாரிக்கு இதனால்தான் கரிசல் பிடிக்கும். ஒரு நல்ல மழையைக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் பருத்திக்கும் கம்புக்கும் ஈரம் கொடுக்கும். கோடையில் வெடிப்புகளுக்குள் மேல்மண் உதிர்ந்து விழ, மழையில் அடிமண் உப்பி மேலே வர, மண் தன்னைத் தானே உழுதுகொள்ளும். அசையாமல் கிடக்க வேண்டிய சாலைக்கு இதே குணம் ஆகாது.

மண் எவ்வளவு உப்பும் என்று அறியும் சோதனை மிக எளிது. சல்லடையில் சலித்த உலர்ந்த மண் பத்துப் பத்து கிராம் எடுத்து இரண்டு கண்ணாடி உருளைகளில் போடுவார்கள். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் காய்ச்சி வடித்த நீர். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் மண் அப்படியே படிந்திருக்கும். மண்ணெண்ணெயின் மூலக்கூறுகளுக்கு மின்முனைகள் இல்லை என்பதால் களிமண் அடுக்குகள் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. நீரில் மண் பருத்திருக்கும். மண்ணெண்ணெயில் 10 மில்லிலிட்டரும் நீரில் 16 மில்லிலிட்டரும் இருந்தால் உப்பல் 60 விழுக்காடு. 50 விழுக்காட்டைத் தாண்டிய மண்ணால் சாலைக்கரையை நிரப்பவே கூடாது என்கிறது மத்திய நெடுஞ்சாலை அமைச்சகத்தின் விதி. அதற்குக் கீழே இருந்தால் கரையின் அடிப்பகுதிக்கு மட்டும் பயன்படுத்தலாம். மேலே வரும் அரை மீட்டர் படுகையும் அதற்குக் கீழே அரை மீட்டரும் உப்பாத மண்ணாக இருக்க வேண்டும்.

கரிசலை எடையால் அமுக்கிவிட்டால் என்ன, ஜல்லியையும் தாரையும் இன்னும் கனமாகப் போட்டால் போதாதா என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்கு போதும். நன்றாக உப்பும் கரிசலை விரியவிடாமல் பிடித்து வைத்தால் அது மேல்நோக்கித் தரும் அழுத்தம் சதுர மீட்டருக்குப் பத்து டன்னை எளிதில் தாண்டும். முக்கால் மீட்டர் தடிமனுள்ள ஜல்லி, தார் அடுக்குகளின் எடையோ சதுர மீட்டருக்குச் சுமார் ஒன்றரை டன்தான். பத்து டன்னைப் பத்து டன்னால் அமுக்க வேண்டுமானால் ஐந்து மீட்டர் உயரத்துக்கு மண் கொட்ட வேண்டும். லாரியின் எடை உதவாதா? அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் சக்கரம் ஓரிடத்தின்மேல் இருக்கும் நேரம் ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. மண் உப்ப நாட்கள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே தடிமனை மட்டும் நம்பிப் போட்ட சாலையை அடியிலிருந்து கரிசல் தூக்கியே தீரும். வீடு கட்டுவோர் பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழத்தை, பெரும்பாலும் மூன்று, மூன்றரை மீட்டரை, எட்டித் தூண் இறக்கிவிடுவார்கள். 130 கிலோமீட்டர் சாலைக்குத் தூண் இறக்க முடியாது.

தடிமனைவிட முக்கியமானது ஈரத்தின் சமநிலை என்பதைச் சாலைப் பொறியியல் மெதுவாகவே கற்றுக்கொண்டது. கரிசல் எப்போதும் ஈரமாக இருந்தால் அசையாது. எப்போதும் காய்ந்திருந்தாலும் அசையாது. மாறும்போதுதான் அசைகிறது. தார் போட்டு மூடியதும் சாலையின் நடுப்பகுதிக்குக் கீழே ஆவியாதல் நின்று, சில ஆண்டுகளில் ஈரம் ஓர் அளவில் நிலைத்துவிடுகிறது. ஓரங்கள் அப்படியில்லை. மழையில் நனையும், வெயிலில் காயும். நடு நிற்க ஓரம் இறங்கி ஏறுவதால், ஓரத்திலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உள்ளே, சாலையின் நீளத்துக்கு ஓடும் ஒரு வெடிப்பு தோன்றும். கரிசல் நாட்டுச் சாலைகளின் தனி அடையாளம் அந்த நீளவெடிப்பு. அடுத்த மழை நேராக அதற்குள் இறங்கும்; இனி ஈரம் ஓரத்திலிருந்து வர வேண்டியதில்லை. தார் சரியில்லை என்று எல்லோரும் திட்டுகிறார்கள். பல இடங்களில் தார் சரியாகத்தான் இருக்கிறது. குழியை மட்டும் தாரால் ஒட்டுப் போடுவது இந்த நோய்க்கு மருந்தாகாது.

ஓர மரங்களும் இந்தக் கணக்கில் வருகின்றன. ராணி மங்கம்மாள் காலத்துச் சாலைகளை நிழல் மரங்களோடு சேர்த்துத்தான் மதுரைச் சீமை நினைவில் வைத்திருக்கிறது. நடந்தும் வண்டியிலும் போனவர்களுக்கு அந்த நிழல் உயிர் காத்தது. மண் சாலையில் மரத்தால் வெடிப்பு வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. தார்ச்சாலை ஓரத்தில் நிற்கும் மரம் கோடையில் சாலைக்கு அடியிலுள்ள ஈரத்தை வேரால் உறிஞ்சி, ஓரச் சுருக்கத்தை இன்னும் கூட்டுகிறது. யாரும் நடாமலே வரும் சீமைக்கருவேலத்தின் ஆற்றல் இன்னும் பெரிது. அதே பேரினத்து மரம் ஒன்றின் வேர் அமெரிக்காவின் அரிசோனாவில் ஐம்பது மீட்டருக்கும் மேலான ஆழத்தில், சுரங்கம் தோண்டும்போது அகப்பட்டது. மரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாற்பது டிகிரி வெயிலில் மரமில்லாத நெடுஞ்சாலை மனிதருக்கானதல்ல. முழுதாக வளர்ந்தால் மரம் எவ்வளவு உயரமோ, ஏறத்தாழ அவ்வளவு தூரம் தள்ளி நட வேண்டும். அதற்கான நிலத்தையும் சேர்த்தே முதலில் எடுக்க வேண்டும். வாங்கும் நிலத்தைக் கடைசி அடிவரை அளந்து வண்டிப்பாதைக்கே கொடுத்துவிட்டால் மரத்துக்கும் சாலைக்கும் சண்டைதான் மிஞ்சும்.

லாரிகள் சாலைக்குச் செய்யும் சேதத்தைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி ஒரே பரிசோதனையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகில், வெவ்வேறு தடிமனுள்ள சாலைத் துண்டுகளை வளையங்களாகப் போட்டு, 1958 முதல் 1960 வரை இரண்டு ஆண்டுகள் ராணுவ வீரர்களைக் கொண்டு லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். பதினோரு லட்சத்துக்கும் அதிகமான அச்சுச் சுமைகள் சாலைமேல் போயின. ஒரு வளையத்தில் மட்டும் வண்டியே விடாமல், வானிலை தனியாக என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். அதிலிருந்து கிடைத்ததுதான் நான்காம் படி விதி: அச்சின் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் பதினாறு மடங்காகும்.

இதை நம் லாரிகளில் வைத்துப் பார்ப்போம். கணக்குக்கான அளவுகோல் அச்சு 8.16 டன். இந்தியாவில் இரட்டைச் சக்கரங்கள் கொண்ட ஓர் அச்சுக்குச் சட்டம் அனுமதித்த எடை 10.2 டன்னாக இருந்து, 2018இல் 11.5 டன் ஆனது. எடை எட்டில் ஒரு பங்கு கூடியது. நான்காம் படியில் சேதம் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. அனுமதியையும் மீறி அச்சுக்கு 14 டன் ஏற்றிய டாரஸ் லாரி, 11.5 டன் அச்சைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சாலையைத் தேய்க்கிறது. ஒப்பிட, ஒரு காரின் அச்சு 0.6 டன் என்று கொண்டால் பழைய வரம்பிலிருந்த 10.2 டன் அச்சு ஒரே ஓட்டத்தில் செய்யும் சேதத்தைச் செய்ய அந்தக் காரின் அச்சு எண்பதாயிரம் தடவைக்கு மேல் போக வேண்டும். கார்களுக்காக யாரும் சாலைத் தடிமனைக் கணக்கிடுவதில்லை. துறைமுகச் சாலைகளில் ஒரு திசையில் சுமை ஏறியும் மறுதிசையில் வெறும் வண்டியாகவும் போகும் லாரிகள் பல. எனவே இரு திசைகளிலும் தனித்தனியாக லாரிகளின் அச்சை எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவை வலியுறுத்துகிறது.

இல்லினாய்க்காரர்கள் ஒரே ஒரு மண்ணில், பனி உறையும் ஊரில் சோதித்தார்கள். நம் நாட்டுச் சாலைகளின் அனுபவத்திலிருந்து சாலைப் பேரவை எடுத்த சூத்திரம் வேறொன்றைப் பிடித்துக்கொள்கிறது: லாரி போகும்போது ஜல்லி அடுக்குகளுக்கு அடியில் மண்ணின் மேற்பரப்பு எவ்வளவு நசுங்குகிறது என்பதை. சக்கரத் தடத்தில் 20 மில்லிமீட்டர் பள்ளம் விழும்வரை சாலை தாங்கும் அச்சுகளின் எண்ணிக்கை, அந்த நசுக்கத்தின் ஏறத்தாழ நாலரையாம் படிக்குத் தலைகீழ் விகிதம். நசுக்கம் 20 விழுக்காடு கூடினால் சாலையின் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். காய்ந்த கரிசல் கல்லைப் போல இருக்கும். நான்கு நாள் நீரில் ஊறவைத்து, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு முளையை உள்ளே தள்ளிச் சோதித்தால், தரமான நொறுக்குக் கல் காட்டும் எதிர்ப்பில் இரண்டு விழுக்காட்டைத்தான் பெரும்பாலும் காட்டும். சி.பி.ஆர். எனப்படும் இந்தச் சோதனை 1929இல் கலிபோர்னியாவில் பிறந்தது. உலகின் பல நாடுகளில் சாலைத் தடிமன் இதை வைத்து நிர்ணயமாகிறது. ஆக, லாரியின் சுமையும் மண்ணின் ஈரமும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. கார்த்திகையில் ஓடும் ஒரு லாரி, அதே எடையோடு மாசியில் ஓடும் லாரியைவிடப் பல மடங்கு சேதம் செய்கிறது.

பரிகாரங்களில் பழையது கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் கொட்டுவது. பலன் உறுதி. விலைதான் பயங்கரம். 25 மீட்டர் அகலத்துக்கு ஒரு மீட்டர் ஆழம் மாற்றினால் கிலோமீட்டருக்கு 25,000 கன மீட்டர். டிப்பர் கணக்கில் இரண்டாயிரம் நடைக்கு மேல். அவ்வளவு கிராவலும் ஏதோ ஒரு செம்மண் மேட்டிலிருந்து வர வேண்டும். மதுரை மாவட்டத்தின் மேடுகளும் குன்றுகளும் ஏற்கெனவே போதிய அளவு வெட்டுப்பட்டுவிட்டன. ஒரு நிலத்தைச் சரிசெய்ய இன்னொரு நிலத்தைத் தின்னும் இந்த வழி கடைசி வழியாக இருக்க வேண்டும். நடைமுறையில் முதல் வழியாக இருக்கிறது.

பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர்.கே. கட்டி, கர்நாடகத்தின் மலப்பிரபா கால்வாய்களில் கரிசலால் வந்த உடைப்புகளை ஆராய்ந்தபோது வியப்பான ஒன்றைக் கவனித்தார். கரிசல் நனைந்து உப்பும்போதும் மேலே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் நெகிழ்ந்து தளர்கிறது. அதற்குக் கீழே உள்ள மண் பெரிதாக மாறுவதில்லை. ஒரு மீட்டர் மண்ணின் எடையால் அவ்வளவு பெரிய உப்பலை அடக்க முடியாது என்பதை மேலே கணக்கில் பார்த்தோம். அடக்குவது எடை இல்லையென்றால் களித்துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஒட்டும் விசையாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். உப்பாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஒரு மீட்டர் போட்டு இறுக்கினால் கரிசல் தன்மேல் இன்னும் கரிசல் இருப்பதாகவே நடந்துகொள்ளும் என்றார். கால்வாய்களில் அது பலித்தது. மணல் மெத்தை போடும் பழக்கம் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கும் விளக்கம் கிடைத்தது: மணலில் ஒட்டும் விசை இல்லை, நீரையும் தாராளமாக உள்ளே விடும். நனைந்து காயும் சுழற்சி ஆண்டுக்காண்டு திரும்ப வரும்போது இந்த அடுக்கின் பலன் குறைவதாகப் பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். சாலைக்கு அந்த எச்சரிக்கை அவசியம்.

எனக்கு மிகவும் பிடித்த வழி சுண்ணாம்பு. கரிசலை அங்கேயே வைத்துக்கொண்டு அதன் குணத்தை மாற்றுவது. நூறு கிலோ மண்ணுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ நீற்றுச் சுண்ணாம்பு கலந்தால் சில மணி நேரத்திலேயே அடுக்குகளுக்கு நடுவிலுள்ள சோடியத்தைக் கால்சியம் வெளியேற்றிவிடும். அடுக்குகள் நெருங்கி, துகள்கள் திரண்டு, கையில் ஒட்டிய களி பொலபொலவென்று மண்ணாக உதிரும். அதன் பிறகு மெதுவான வேலை தொடங்கும். காரத்தன்மை ஏறியதும் களிமண்ணிலிருந்தே சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து, சிமெண்டில் உண்டாவது போன்ற பிணைப்புகளை மாதக்கணக்கில் வளர்க்கும். பந்தல்குடியில் இந்தச் சாலை சுண்ணாம்புக்கல் வெட்டும் பூமியை ஒட்டியே போகிறது. கரிசலைத் திருத்தும் சரக்கு கரிசல் நாட்டிலேயே கிடைக்கிறது.

வேலை சுலபமில்லை. கரிசல் கட்டிகளைப் பொடியாக்காமல் சுண்ணாம்பு கலந்தால் கட்டியின் தோல்தான் திருந்தும், உள்ளே பழைய கரிசல் அப்படியே இருக்கும். திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிவிடும், அதனால் பயனில்லை. மண்ணில் ஜிப்சம் போன்ற சல்பேட் இருந்தால் ஆபத்தே உண்டு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் சுண்ணாம்பு கலந்து போட்ட ஸ்டூவர்ட் அவென்யூ சாலை, சல்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற பருக்கும் கனிமத்தை உண்டாக்கியதால் மேடு மேடாக எழும்பியது. இரண்டு உருளைச் சோதனையைப் போலவே சல்பேட் சோதனையும் கட்டாயமாக வேண்டும். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலையும் இதோடு சேர்த்து நினைக்கலாம். கப்பலில் நிலக்கரியாக வந்தது, எரிந்த பின் சாலைக்கரையை நிரப்பும் உப்பாத மண்ணாகிறது. சுண்ணாம்போடு சேர்ந்தால் கெட்டிப்படவும் செய்கிறது.

மேல் அடுக்கில் மதுரைக்கென்றே ஒரு பங்களிப்பு உண்டு. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், நொறுக்கிய கழிவு பிளாஸ்டிக்கைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லிமேல் தூவி, கல்லுக்கு மெல்லிய பூச்சாக்கி, அதன்பின் தார் கலக்கும் முறையை உருவாக்கினார். 2018இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. பூச்சு ஏறிய கல் நீரை உறிஞ்சாது. தார் கல்லை விட்டு உரிவதும் குறைகிறது. மழையில் சாலை சிதைவதன் ஒரு வாசலை இது நன்றாக அடைக்கிறது. ஆனால் மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் அடியில் கரிசல் நீரைக் குடித்தால் வெடிப்பு வரும். கான்கிரீட் பலகைகளுக்கும் அதே கதிதான். பலகை உடையாவிட்டால் சாயும்.

ஆகவே கடைசியில் கேள்வி நீரிடமே வந்து நிற்கிறது, நீர் இங்கே சும்மா விழுந்து ஓடுவதில்லை. ஆண்டுக்கு 85 சென்டிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு சில வாரங்களில். அதைப் பிடித்து வைக்க மதுரை, விருதுநகர்ச் சீமைகளில் கண்மாய்கள் சங்கிலியாக வெட்டப்பட்டன. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்த நீர் ஓடை வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். சரக்குச் சாலை இந்தச் சங்கிலிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது. தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயர்ந்த சாலைக்கரை, சமவெளியில் ஓர் அணைக்குச் சமம். சிறுபாலம் ஒன்று குறைந்தாலும், அதன் வாய் குறுகினாலும், மேற்கே நீர் தேங்கும். தேங்கிய நீர் வாரக்கணக்கில் நின்று, கரையின் அடியை ஒரு பக்கம் மட்டும் ஊறவைக்கும். கிழக்கே கண்மாய் காயும். சாலைப் படுகையின் அடி வெள்ள மட்டத்துக்கு மேல் 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர்வரை இருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அந்த வெள்ள மட்டம் பெரிய ஆற்றுக்குப் பதிவேட்டில் கிடைக்கும்; பெயரில்லாத ஓடைக்குக் கிடைக்காது.

அதை அறிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். எந்த மடையை எப்போது திறப்பது, மறுகால் நீர் எந்தப் புஞ்சை வழியாகப் புரளும், பெருமழை ஆண்டில் எந்தப் பனைமரத்தின் அடிவரை தண்ணீர் நின்றது என்பதெல்லாம் கண்மாயின் நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும். அவர் காட்டும் இடத்தில் சிறுபாலம் வைக்கக் கூடுதலாகச் சில லட்சம் ஆகலாம். வைக்காவிட்டால் அந்த இடத்தில் ஒவ்வொரு கார்த்திகைக்குப் பின்னும் ஒட்டுப் போட வேண்டியிருக்கும்.

சரக்கு கூடக்கூட நான்குவழி போதாமல் இருபுறமும் சாலையை அகலப்படுத்தும் தேவை வரும். அப்போது, பல ஆண்டுகளாக மூடிக் கிடந்து ஈரம் நிலைத்த பழைய கரிசலுக்குப் பக்கத்தில், வெயிலில் காய்ந்து வெடித்த புதிய கரிசலின்மேல் வண்டிப்பாதை போடப்படும். இரண்டும் சேரும் கோடு, அதிக எடையோடு லாரிகள் போகும் தடத்துக்கு அடியிலேயே விழ வாய்ப்பு அதிகம். பழைய கரையைப் படிப்படியாக வெட்டிப் புதிய மண்ணோடு பின்ன வேண்டும். புதிய பகுதியைச் சுண்ணாம்பால் திருத்த வேண்டும். வெளி ஓரத்தில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு நீர் புகாத விரிப்பைச் செங்குத்தாக இறக்கினால் பழைய ஈரமும் புதிய ஈரமும் மெல்லச் சமனாகும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ பகுதிச் சாலைகளில், இப்படிச் செங்குத்துத் திரைகளை 1970களின் கடைசியிலிருந்தே இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். அங்கும் அடியில் கிடப்பது கோடையில் வெடிக்கும் கறுப்புக் களிமண்தான், அதிலும் பருத்திதான் விளைந்தது.